பைக்கை ஆன்லைன் ஏலத்தில் விற்கப் போறீங்களா? ஆர்சி உங்க பெயரிலேயே இருந்தால் சிக்கல்!

பைக்கின் போட்டோ, மாடல், ஓடிய கிலோமீட்டரைப் பதிவேற்றினால் டீலர்கள் போட்டி போட்டு விலை கேட்பார்கள். அதிக விலை கேட்டவருக்கு வண்டி. பணமும் கணக்கில் ஏறிவிடும். ஆனா அதோடு முடியாது.

ஏலத்தில் எடுக்கும் டீலர் இன்னொருவருக்கு விற்கத்தான் வாங்குகிறார். அதுவரை ஆர்சியில் இருப்பது உங்க பெயர். நடுவில் விபத்து நடந்தால்? பல கை மாறிய ஒரு கார் ஏற்படுத்திய விபத்தில், ஆர்சியில் பெயர் இருந்த முதல் உரிமையாளரே இழப்பீடு தர வேண்டும் என 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சே என்று சும்மா இருக்க முடியாது. மாநிலத்துக்குள் விற்றால், 14 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை.

இதற்கு ஒரு வழி இருக்கு. வாங்குபவர் அங்கீகாரம் பெற்ற டீலரா என்று முதலில் கேளுங்க. 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி, அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுப்பதை பரிவாகன் தளத்தில் படிவம் 29சி மூலம் பதிவு செய்யலாம். அதன்பின் வண்டிக்கு டீலரே பொறுப்பு. அந்தப் பதிவு முடியாமல் சாவியைக் கொடுக்காதீங்க.

லோன் பாக்கியா? வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கட்டாயம் தேவை.