தரையும் இரைப்பு நோயும்

ஹைதராபாத்துக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இரைப்புக் கண்டால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் குறை கூறுவது இவ்வூர்க் காற்றைத்தான். நம் ஊரில் இருந்தவரை குழந்தை நன்றாக இருந்தது என்றும், இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்வார்கள். காற்றின்மீது பழி சுமத்துவது மனித குலத்தின் நெடுநாள் வழக்கம். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பதுதான் பொருள். அப்பழி பொய் என்பது, ஹைதராபாத்தின் இரட்டை நகரமாகிய செகந்தராபாத்தில் 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் தெளிவாயிற்று. ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர் அன்று கொசுவின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். இரைப்பு நோயின் சரித்திரமும் ஒருவகையில் இத்தகையதே. வெளிக்காற்றில் தேடிய பகைவரில் ஒருவனை வீட்டுக்குள்ளேயே, நம் காலடியிலும் படுக்கையிலும், கண்டுகொண்ட சரித்திரம் அது.

'ஆஸ்துமா' என்பது மூச்சு வாங்குதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் 'இரைப்பு' என்ற சொல்லும் அதையே சொல்கிறது. 'அலர்ஜி' என்பதோ மிகப் பிந்தியது. வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் பிர்க்கே 1906-இல் அதனைப் படைத்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அதற்கு நேராக நாம் வழங்கும் 'ஒவ்வாமை' என்ற சொல் மூலத்தினும் தெளிவாகத் தோன்றுகிறது. பிறருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருள் ஒருவர் உடலுக்கு மட்டும் ஒவ்வாது போவதே அந்நோய் அன்றோ?

இனி, தரையைப் பார்ப்போம். தக்காணத்தின் பழைய வீடுகளில் தரையாக அமைந்தது பெரும்பாலும் கல்லே. அந்நாளில் நிஜாம் அரசுக்கு உட்பட்டிருந்த ஷாபாத், தாண்டூர் ஆகிய ஊர்களின் சுண்ணாம்புக் கற்கள் இயற்கையிலேயே ஏடு ஏடாகப் பிளந்து வருபவை. சாம்பல் நீலமும் மஞ்சளுமான அப்பலகைகள் ஹைதராபாத் வீடுகளுக்குக் குளிர்ச்சி தந்தன. ஷாபாத் இன்று கர்நாடகத்திலும், தாண்டூர் தெலங்கானத்திலும் உள்ளன. நம் நாட்டிலும் சிவப்புக் காவித்தரை, ஆத்தங்குடி ஓடு, கடப்பைக் கல் என்று வகைகள் பலவாயினும் குணம் ஒன்றே. அவை நீர் ஊற்றிக் கழுவத் தக்கவை, வழவழப்பானவை, தூசியை ஒளித்துவைக்க இடம் தராதவை.

செல்வர் மாளிகைகளில் கல்லின்மேல் கம்பளம் வந்தது. வாரங்கல்லில் நெய்த கம்பளங்கள் 1851-ஆம் ஆண்டு லண்டன் மாநகரத்தில் நடந்த பெரும் பொருட்காட்சியிலே வைக்கப்படும் அளவுக்குப் புகழ் பெற்றிருந்தன. ஆயினும் இவ்வூர்ச் சபைகளில் ஜமுக்காளத்தின்மேல் தூய வெள்ளைத் துணி விரித்து அமர்வதே மரபாக இருந்தது. அத்துணி வெளுக்கப் போகும். ஜமுக்காளம் உதறி மடிக்கப்படும். நம் பவானி ஜமுக்காளமும் கலியாணத்துக்கு விரித்து, முடிந்ததும் சுருட்டி வைக்கப்படுவதே. விரிப்பு தரையோடு ஒட்டிக் கிடப்பதில்லை என்பதே இவற்றின் சிறப்பு.

மேல்நாட்டிலோ குளிரின் பொருட்டு, சுவருக்குச் சுவர் ஒட்டிய கம்பளம் நிலையாகக் குடியேறிற்று. அதனால் நேர்ந்த துன்பம் ஒரு கருவியைப் பிறப்பித்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில், ஸ்பாங்ளர் என்பவர் ஒரு பெரிய கடையில் துப்புரவுப் பணி செய்துவந்தார். அவருக்கு இரைப்பு நோய் இருந்தது. கம்பளத்தைப் பெருக்குந்தோறும் எழுந்த தூசி அவர் மூச்சை அடைத்தது. மின்விசிறியின் இயந்திரம், ஒரு தலையணை உறை, பெட்டி, துடைப்பம் ஆகியவற்றைக் கூட்டி அவர் அமைத்த தூசி உறிஞ்சும் கருவிக்கு 1908-இல் காப்புரிமை கிடைத்தது. ஹூவர் என்ற வணிகர் அவ்வுரிமையை வாங்கி உலகெங்கும் பரப்பினார். ஏழைத் தொழிலாளி ஒருவரின் மூச்சுத் திணறல், தூசிக்கும் இரைப்புக்கும் உள்ள உறவை மருத்துவர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தது.

மருத்துவ உலகம் அதன்பின் படிப்படியாக வந்து சேர்ந்தது. 1921-இல் அமெரிக்க மருத்துவர் கெர்ன், இரைப்பு நோயாளர் பலர்க்கு வீட்டுத் தூசியே ஒவ்வாமை தருவதை எடுத்துக் காட்டினார். ஆனால் தூசியில் இருப்பது என்ன? நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரத்தில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1964-இல் விடை கண்டனர். எட்டுக் கால்களும், ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத உடலும் உடைய தூசி உண்ணியே அது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்கள்தாம் அதற்கு உணவு. அது கடிப்பதில்லை, நோய்க் கிருமியையும் சுமப்பதில்லை. அதன் எச்சத் துகளே மூச்சுவழிச் சென்று தீங்கு விளைக்கிறது என்பது 1981-இல் புலனாயிற்று.

இவ்வுண்ணி நீர் அருந்துவதில்லை; காற்றின் ஈரத்தையே உடலில் ஈர்த்து வாழ்கிறது. ஆதலால் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்று அதற்கு உகந்தது. ஹைதராபாத்தின் கோடை வறட்சி அதற்குப் பகை. ஜூன் மாதத்தில் மழை தொடங்கியதும் நிலை மாறுகிறது. ஈரமும் பூஞ்சையும் சளியும் கூடி வருகின்றன. அதே மிருகசீரிட நாளில்தான் நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில், உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மஞ்சள் நிறக் களிம்பை வைத்து விழுங்கக் கொடுக்கும் 'மீன் பிரசாதம்' வழங்கப்படுகிறது. பத்தினி குடும்பத்தார் 1845 முதல் இதனைப் பொருள் வாங்காமல் அளித்து வருவதாகக் கூறுவர். அதன் நோய் தீர்க்கும் ஆற்றல் அறிவியல் முறையில் நிறுவப்பட்டதன்று. ஆயினும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து குழந்தைகளைத் தோளில் சுமந்து வந்து காத்து நிற்கும் தாய் தந்தையரைக் காணும்போது, இந்நோய் எவ்வளவு துயரம் விளைக்கிறது என்பது விளங்கும்.

அப்படியாயின், குடிபெயர்ந்த நம்மவர் வீட்டில் மாறியது எது? நகரத்துப் புகையும் ஒரு காரணந்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பாய்க்குப் பதிலாக எப்போதும் எடுக்கப்படாத மெத்தை வந்தது. கழுவும் தரைக்கு மேல், அந்தஸ்தின் அடையாளமாக, எடுக்கப்படாத கம்பளம் வந்தது. தோல் துகளும் ஈரமும் தங்க இவற்றினும் ஏற்ற இடம் வேறில்லை.

கல் தரை இருந்தால் மட்டும் நோய் அகன்றுவிடும் என்று சொல்வதற்கில்லை. வறண்ட துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி மூச்சில் கலக்கும். ஈரத் துணியால் துடைப்பதே நன்று. தரையைவிடப் படுக்கையில் உண்ணிகள் மிகுதி. ஆகவே விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும், அறுபது பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் வெளுத்தல் வேண்டும். மெத்தையைக் கடும் வெயிலில் நன்கு காயவைத்துத் தட்டுதல் வேண்டும். மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்தை, வீடு தூய்மையாகிவிட்டது என்று எண்ணித் தாமாக நிறுத்திவிடலாகாது.

பாயைச் சுருட்டுவதும், மெத்தையை வெயிலில் இடுவதும், வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவுவதும் நம் முன்னோர் கொண்டிருந்த வழக்கங்கள். அவர்கள் உண்ணியை அறிந்தவர் அல்லர். ஆயினும் அது வாழ இடம் கொடாதிருந்தனர். செகந்தராபாத்தின் பத்மாராவ் நகரில் வாழ்ந்தாலும், நாட்டின் வேறெந்த நகரில் வாழ்ந்தாலும், மொழியையும் உணவையும் போற்றிக் காக்கும் தமிழர் இவ்வழக்கத்தையும் உடன் கொண்டு செல்வது அவர்தம் குழந்தைகளின் மூச்சுக்கு நலம் பயக்கும்.