ஊருக்கே அடைத்துக்கொண்டால்?

ராணிப்பேட்டைப் பக்கம் குடியிருப்பவரா நீங்கள்? பாத்ரூமில் தண்ணீர் இறங்காமல் நின்றால் பிளம்பரைக் கூப்பிடுவீர்கள். குழாயைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாகப் பிசுக்கு. உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து செய்த வேலை. கம்பி விட்டுக் குத்தினால் சரியாகிவிடும். ஊருக்கே அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது?

தோல் கெடாமலிருக்க உப்பு, முடி நீக்கச் சுண்ணாம்பு, பதனிடக் குரோமியம். கழுவிய தண்ணீரெல்லாம் பல வருஷம் பாலாற்றிலும் வயலிலும்தான் இறங்கியது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழ் என்று 1996 ஆகஸ்ட் 28-ம் தேதித் தீர்ப்பிலேயே இருக்கிறது. அசுத்தம் செய்தவன்தான் செலவைக் கொடுக்கணும் என்றார் நீதிபதி குல்தீப் சிங். நஷ்ட ஈடு தனி. அபராதம் மட்டும் ஆலைக்கு 10,000 ரூபாய். அவ்வளவுதானா என்கிறீர்களா? அவ்வளவுதான்!

கழிவுநீரை வடிகட்டப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. சரி, வடிகட்டிய பிறகு மிஞ்சுகிற சேறு? 2015 ஜனவரி 31 அன்று விடிவதற்குள் ராணிப்பேட்டை சிப்காட்டில் அந்தச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் எழுந்திருக்கவே இல்லை. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி அதே பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நஷ்ட ஈடு பாக்கியிருந்தால் ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்றது.