சணல் மூட்டையும் தென் துருவமும்

கோணிப் பைக்கும் தென் துருவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தந்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவோம். ஆனால் சரித்திரம் இருக்கிறதே, அது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் மகா கெட்டிக்காரத்தனம் உள்ளது. அப்படி ஒரு முடிச்சு விழுந்த இடம் டண்டீ. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிற நகரம் அது.

டண்டீ மாலுமிகள் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே கிரீன்லாந்தை அடுத்த பனிக் கடல்களுக்குத் திமிங்கில வேட்டைக்குப் போய்வந்தார்கள். திமிங்கிலத்தின் கொழுப்பை உருக்கினால் எண்ணெய் கிடைக்கும். ஒரு காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் விளக்குகள் அந்த எண்ணெயில் எரிந்தன. பிறகு நிலக்கரி வாயு விளக்கு வந்தது, மண்ணெண்ணெய் வந்தது. பல துறைமுகங்களில் வேட்டைக்காரர்கள் கடையைக் கட்டினார்கள். டண்டீ கட்டவில்லை. அதைக் காப்பாற்றியது எது தெரியுமா? வங்காளத்துச் சணல்!

சணல் முரட்டு நார். உலர்ந்த நாரை அப்படியே இயந்திரத்தில் கொடுத்தால் ஒடிந்து போகும். திமிங்கில எண்ணெயையும் தண்ணீரையும் கலந்து தெளித்து ஊற வைத்தால் நார் இளகி நூலாகிறது என்று 1830-களில் டண்டீக்காரர்கள் கண்டுகொண்டார்கள். அப்புறம் கேட்பானேன்? வங்காளத்துக் குடியானவன் முழங்கால் நீரில் நின்று அறுத்த பயிரும், வட துருவக் கடலில் திரிந்த பிராணியின் கொழுப்பும் டண்டீயில் வந்து கலந்தன. உலகத்தின் தானியமெல்லாம் அந்தக் கோணிகளில் ஏறிற்று. ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள் உழைத்தார்கள். முதலாளிகள் மாளிகை கட்டினார்கள். இது எந்த ஊரிலும் நடக்கிற கதைதான்.

பனிக் கடலுக்குப் போகிற கப்பல் சாதாரணக் கப்பலாக இருந்தால் போதாது. பனிக்கட்டி இரண்டு பக்கமும் நெருக்கும்போது முட்டை ஓடு மாதிரி நொறுங்காமல் தாங்க வேண்டும். டண்டீத் தச்சர்கள் கனத்த மரங்களை அடுக்கி அப்படிப்பட்ட கப்பல்களைக் கட்டத் தெரிந்தவர்கள். எண்ணெய்க்காகக் கற்ற அந்த வித்தை வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டது. ஷாக்கிள்டன் 1907-இல் தென் துருவம் நோக்கிப் போன 'நிம்ராட்', மாசன் 1911-இல் போன 'அரோரா', ஸ்காட் தம் கடைசிப் பிரயாணத்தில் ஏறிய 'டெரா நோவா' ஆகிய மூன்றும் டண்டீயில் கட்டிய கப்பல்கள். அமெரிக்கரான பேர்டு 1933-இல் அழைத்துச் சென்ற 'பேர்' என்ற கிழட்டுக் கப்பலும் அந்த ஊரில் பிறந்ததுதான்.

இதற்கிடையில் 1883-ஆம் வருஷக் கடைசியில் ஒரு வேடிக்கை நடந்தது. திமிங்கிலத்தைத் தேடி உலகத்தின் உச்சிவரை போய்வந்த ஊருக்குத் திமிங்கிலமே தேடி வந்தது. கூன் முதுகுத் திமிங்கிலம் ஒன்று மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு டே நதிக்குள் நுழைந்துவிட்டது. குளிர் காலமாதலால் வேட்டைக்காரர்கள் ஊரில் சும்மா இருந்தார்கள். விடுவார்களா? ஈட்டி பாய்ச்சினார்கள். அது படகுகளை இழுத்துக்கொண்டு ஓடித் தப்பித்துக் கடலில் செத்து மிதந்தது. ஒரு வியாபாரி அதை ஏலத்தில் வாங்கி, கட்டணம் வைத்து ஜனங்களுக்குக் காட்டினான். ஸ்டிரதர்ஸ் என்ற உடற்கூறு பேராசிரியர் அழுகிய உடலை அறுத்து ஆராய்ந்தார். எலும்புக்கூடு இன்றும் டண்டீ மியூஸியத்தில் தொங்குகிறது.

இந்தச் சம்பவத்தில் இந்த ஊரின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் ஈட்டி, பிறகு வியாபாரம், கடைசியில் அறிவு. அறிவு வந்து சேருகிறபோது பாடம் சொல்ல அங்கே உயிர் இல்லை.

வடக்கே திமிங்கிலம் அருகிப்போகவே, 1892-இல் டண்டீயிலிருந்து நான்கு கப்பல்கள் தெற்கே அண்டார்க்டிகாவுக்குக் கிளம்பின. அவற்றில் ஒன்றில் புரூஸ் என்ற இளைஞர் இயற்கை ஆராய்ச்சிக்காகப் போனார். கப்பல் தலைவர்கள் தேடிய திமிங்கிலம் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் ஸீல் பிராணிகளைக் கொன்று தோலும் எண்ணெயுமாகத் திரும்பினார்கள். ஆராய்ச்சிக்கு அவர்கள் அவ்வளவாக நேரம் கொடுக்கவில்லை. அந்த ஏமாற்றத்தோடு திரும்பிய புரூஸ், பத்து வருஷம் கழித்துத் தாமே ஓர் ஆராய்ச்சிக் குழுவை நடத்திக்கொண்டு மறுபடியும் தெற்கே போனார்.

1901 மார்ச்சில் டண்டீயில் 'டிஸ்கவரி' நீரில் இறங்கியது. இது வேட்டைக் கப்பல் அல்ல. ஆராய்ச்சிக்காகவே கட்டிய கப்பல். பூமியின் காந்த சக்தியை அளக்கும் அறையைச் சுற்றி 30 அடிக்குள் இரும்போ எஃகோ கூடாது என்று கட்டினார்கள். ஸ்காட் அதில் போனார். இரண்டு குளிர் காலம் பனியில் சிறைப்பட்டுக் கிடந்தது கப்பல். 1904 பிப்ரவரியில் விடுதலை பெற்றது. மீட்கப் போன இரண்டு கப்பல்களில் ஒன்று, டண்டீயின் 'டெரா நோவா'.

சணல் பணமும் துருவத்துக்குப் போயிற்று. ஷாக்கிள்டனின் 1914-ஆம் வருஷப் பிரயாணத்துக்கு ஜேம்ஸ் கெயர்டு என்ற டண்டீச் சணல் முதலாளி 24,000 பவுன் கொடுத்தார். கப்பல் பனியில் நசுங்கி மூழ்கிற்று. கெயர்டின் பெயரைச் சூட்டிய சின்னப் படகில் ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் 800 கடல் மைல் கடந்து, 1916 மே மாதம் தெற்கு ஜார்ஜியாத் தீவில் கரையேறினார்கள். மூன்று பேர் பனி மலைகளைத் தாண்டி நடந்து போய் உதவி கேட்ட இடம் எது? திமிங்கில எண்ணெய் உருக்கும் நிலையம்! அங்கிருந்து தொடங்கிய முயற்சியால், யானைத் தீவில் காத்திருந்த 22 பேரும் ஆகஸ்டு மாதம் உயிரோடு மீட்கப்பட்டார்கள். வாழ்க்கை இப்படித்தான். நல்லதையும் கெட்டதையும் தனித்தனி மூட்டையாக அது கட்டிக் கொடுப்பதில்லை.

அதே தெற்கு ஜார்ஜியாவுக்குத்தான் 1925-இல் 'டிஸ்கவரி' மறுபடியும் புறப்பட்டது. திமிங்கிலங்கள் எங்கே போகின்றன, எப்போது குட்டி போடுகின்றன, எத்தனை கொன்றால் இனம் தாங்கும் என்று அறிய வேண்டும். குழுத் தலைவர் ஸ்டான்லி கெம்ப். கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். செலவுக்குப் பணம்? திமிங்கில எண்ணெய்மீது போட்ட வரி! எண்ணெயை வைத்தே எண்ணெய்க்குக் கடிவாளம் போடப் பார்த்தார்கள். தீவில் தங்கிய விஞ்ஞானிகள், வேட்டைக்காரர்கள் இழுத்துவந்து கிடத்திய உடல்களை அளந்து அளந்து குறித்தார்கள். ஸ்டிரதர்ஸ் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள். இவர்களுடைய குறிப்புகள் உயிரோடு இருக்கும் திமிங்கிலங்களுக்காக.

ஆனால் பேராசை, அறிவுக்காகக் காத்திருக்குமா? அதே 1925-இல் புது மாதிரிக் கப்பல் வந்தது. பின்புறச் சறுக்குப் பாதை வழியாகத் திமிங்கிலத்தை மேல்தட்டுக்கு இழுத்து, நடுக்கடலிலேயே உருக்கிவிடும் மிதக்கும் தொழிற்சாலை. கரைக்கு வந்தால் அல்லவா உத்தரவும் வரியும்? 1930-31 பருவத்தில் மட்டும் தென் கடலில் ஏறத்தாழ 29,000 நீலத் திமிங்கிலங்கள் மடிந்தன. விஞ்ஞானிகளின் கணக்கு புஸ்தகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. திமிங்கிலங்களின் கணக்கு கடலில் குறைந்துகொண்டிருந்தது. 1946-இல் சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டது. வியாபார வேட்டையை நிறுத்தி வைப்பது என்று தீர்மானமானது 1982-இல்தான். கெம்ப் புறப்பட்டு 57 வருஷம் ஆகியிருந்தது. தெரிந்துகொள்வது ஒன்று, தெரிந்தபடி நடப்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் டண்டீக்கும் துருவத்துக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

ஆனால் அந்தக் குறிப்புகள் வீண் போகவில்லை. பிறகு வந்தவர்கள் வாதாடுவதற்கு அவை கையில் இருந்தன. 2020-இல் தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றி ஆராய்ந்தவர்கள் 55 நீலத் திமிங்கிலங்களைக் கண்டார்கள். பல பத்தாண்டுகளாக அநேகமாக வெறிச்சோடிக் கிடந்த கடலில் இந்த எண்ணிக்கை பெரிய சமாசாரம்.

டண்டீயின் சணல் ஆலைகள் கல்கத்தா ஆலைகளின் போட்டிக்கு ஈடு கொடுக்க முடியாமல் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கல்கத்தாவுக்கு இயந்திரம் அனுப்பியதும் டண்டீதான்! 'டிஸ்கவரி' மட்டும் 1986-இல் பிறந்த ஊர் திரும்பி, ஆற்றங்கரையில் நிற்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் கப்பலைப் பார்க்கிறார்கள். அதன் வீரக் கதையைக் கேட்டு மெய்சிலிர்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் கொஞ்ச தூரம் நடந்து மியூஸியத்துக்கும் போய், அங்கே தொங்கும் அந்த எலும்புக்கூட்டையும் பார்த்துவிட்டு வர வேண்டும். கப்பலின் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது.