நால்வர் – 9: தாளம் நின்ற இரவு

1995 மார்ச் 1. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆர்.இ.எம். குழுவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ‘டங்’ என்ற பாடல். மைக்கேல் ஸ்டைப் குரலை மேல்ஸ்தாயியில் நிறுத்திப் பாடிக்கொண்டிருந்தபோது, பின்னால் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த பில் பெர்ரி தாங்க முடியாத தலைவலியால் சரிந்தார். சென்ற வாரம் அந்த இடத்தில் நிறுத்தினோம்.

கச்சேரி நிற்கவில்லை. அன்று இவர்களுக்கு முன்னால் வாசித்த கிராண்ட் லீ பஃபலோ குழுவின் டிரம்மர் ஜோயி பீட்டர்ஸ், பெர்ரியின் இருக்கையில் உட்கார்ந்து மீதியை முடித்துக் கொடுத்தார். ஒற்றைத் தலைவலியாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெர்ரியும் அப்படித்தான் நினைத்தார்.

ஆனால் நடந்தது வேறு. மூளைக்குள் ஒரு ரத்தக் குழாயின் சுவர் மெலிந்து, உப்பி, வெடித்திருந்தது. மருத்துவர்கள் இதை அனியூரிசம் என்பார்கள். வெடித்த பிறகு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும். பலர் மருத்துவமனைக்கே போய்ச் சேர்வதில்லை. பிழைத்தவர்களிலும் பேச்சை இழந்தவர்கள் உண்டு. கை கால் அசைவை இழந்தவர்கள் உண்டு. கையையும் காலையும் தனித்தனியாக இயக்கிப் பிழைப்பவர் டிரம்மர். பெர்ரிக்கு அப்போது வயது 36.

மண்டையோட்டைத் திறந்துதான் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். செய்தார்கள்.

வெளியே காத்திருந்த குழுவின் மற்ற மூன்று பேருக்கு முன்னால் இன்னொரு கேள்வியும் நின்றது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போகாமல் இருந்துவிட்டு, ‘மான்ஸ்டர்’ ஆல்பத்துக்காக ஜனவரியில்தான் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஐரோப்பாவில் டிக்கெட் விற்றாகிவிட்டது. ஒலிக்காரர்கள், ஒளிக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள் என்று ஒரு பட்டாளமே இவர்களை நம்பி வழியில் இருந்தது. கூலிக்கு வாசிக்கும் திறமையான டிரம்மர்கள் எத்தனையோ பேர். ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

மூவரும் அந்த அழைப்பைச் செய்யவில்லை. ஐரோப்பியக் கச்சேரிகளை ரத்து செய்தார்கள்.

ஏன்?

★

பதில் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் இருக்கிறது. 1980 ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன செயின்ட் மேரிஸ் தேவாலயக் கட்டடத்தில், ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்தில் இந்த நால்வரும் முதன்முதலாக ஒன்றாக வாசித்ததைத் தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். பீட்டர் பக் அப்போது வக்ஸ்ட்ரி என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். ஸ்டைப் அந்தக் கடையின் வாடிக்கையாளர். பெர்ரியும் மைக் மில்ஸும் மேக்கன் ஊரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒருவரையொருவர் பிடிக்காதவர்கள். சேர்ந்து வாசிக்கலாம் என்று யாரோ கூப்பிட்ட இடத்துக்குப் போன பெர்ரி, பாஸ் கிட்டாரோடு மில்ஸ் வந்து நிற்பதைப் பார்த்ததும் கிளம்பிவிட நினைத்தார். டிரம்ஸை ஏற்கெனவே பொருத்தி முடித்திருந்ததால் தங்கிவிட்டார். அன்று வாசித்ததில் பகை போயிற்று. அதன் பிறகு அவர்கள் இணைபிரியாத நண்பர்கள்.

பணமும் பெயரும் வருவதற்கு முன்பே இந்த நால்வரும் இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டார்கள்.

முதல் விதி: பாட்டை யார் கொண்டுவந்தாலும் எழுதியவர்களாக நான்கு பெயர்களும் போக வேண்டும். பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று ஆங்கில அகர வரிசையில். வரும் பணம் நான்கு சம பங்கு.

இரண்டாவது விதி: நால்வரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். ஒருவர் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

முதல் விதியின் எடை புரிய, அமெரிக்க இசைத்தொழிலின் கணக்கு தெரிய வேண்டும். அங்கே வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் பணம் பாட்டை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போகும். வாசித்தவருக்கும் பாடியவருக்கும் வானொலியிலிருந்து ஒரு காசு கிடையாது. ஆகவே பாடகர் பெயர் மட்டும் எழுத்தாளராக அச்சாகியிருந்தால், பாட்டு ஹிட் ஆன ஒரே ஆண்டில் பாடகர் மாளிகை வாங்குவார். அதே வேனில் அவர் பக்கத்தில் தூங்கி எழுந்த டிரம்மர் வாடகைக்குத் தவிப்பார். எத்தனையோ குழுக்கள் இந்தக் கணக்கில்தான் உடைந்தன. இவர்கள் அந்த வாசலை முதல் நாளே பூசி அடைத்துவிட்டார்கள்.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொன்னால் போதாது, நான்கு பெயர்கள் போட்டது உண்மையும்கூட. இந்தக் குழுவின் கதையில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் டிரம்மரின் கை இருக்கிறது. 1981இல் ஹிப்-டோன் என்ற சின்னஞ்சிறு நிறுவனம் இவர்களுடைய ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ இசைத்தட்டை 1,000 பிரதிகள் அச்சிட்டது. அதில் 600 பிரதிகள் விற்பனைக்கே வரவில்லை. விமரிசகர்களுக்கும் வானொலிகளுக்கும் இலவசமாகப் போயின. கல்லூரி மாணவர்கள் நடத்திய வானொலிகள் அந்தத் தட்டைத் தேயத் தேய ஓட்டின. அதன் பிறகு 1982இல் ஐ.ஆர்.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தின் கதவு திறந்ததே, அந்தக் கதவுக்கான வழி எது? மேக்கனில் கச்சேரி ஏற்பாடு செய்யும் அலுவலகம் ஒன்றில் பெர்ரி முன்பு வேலை பார்த்திருக்கிறார். அங்கே அவருக்குப் பழக்கமானவர் ஐயன் கோப்லேண்ட். ஐ.ஆர்.எஸ். நிறுவனர் மைல்ஸ் கோப்லேண்ட் அவருடைய அண்ணன்.

இரண்டாவது விதி வேலை செய்ததற்கும் பெர்ரியே சாட்சி. முதல் முழு ஆல்பத்துக்கு ஐ.ஆர்.எஸ். ஒரு தயாரிப்பாளரை அனுப்பியது: ஸ்டீஃபன் ஹேக். அவர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி பெர்ரியைச் சோர்ந்துபோக வைத்தார். பிறகு குழுவைக் கேட்காமலே அதன்மேல் கீபோர்டு ஒலிகளைச் சேர்த்தார். நால்வரும் வேண்டாம் என்றார்கள். அனுபவம் இல்லாத பையன்கள், கையில் காசில்லை, எதிரே இருப்பது நிறுவனம்; ஆனாலும் சொன்னார்கள். தங்களை முன்பே பதிவுசெய்த மிட்ச் ஈஸ்டரிடமும், அவரோடு டான் டிக்சனிடமும் போனார்கள். 1983இல் வந்த ‘மர்மர்’ அப்படிப் பிறந்தது. அந்த ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ உலகையே ஆட்டிக்கொண்டிருந்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ விமரிசகர்கள் ஆண்டின் சிறந்த ஆல்பமாக ‘மர்மர்’ஐத் தேர்ந்தெடுத்தார்கள்.

1992இல் வந்த ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ பாட்டையும் நினைத்துப்பாருங்கள். மனம் உடைந்தவர்களுக்கு ஆறுதலாக உலகமெங்கும் ஒலித்த பாட்டு. ஸ்டைப்பின் குரலாகவே நாம் அதை நினைவில் வைத்திருக்கிறோம். அதன் இசையைப் பெரும்பாலும் உருவாக்கியவர் பெர்ரி. பாட்டுக்கு எது நல்லது என்று பார்த்து, டிரம்மரான அவரே தன் தாளத்தைப் பெரும்பகுதி ஒரு இயந்திரத்திடம் விட்டுக்கொடுத்தார். எழுதியவர்கள் இடத்தில் வழக்கம்போல நான்கு பெயர்கள்.

இரண்டு விதிகளும் குழுவை 15 ஆண்டுகள் காப்பாற்றின. மூன்றாவதாக ஒன்றையும் நால்வரும் வாய்மொழியாகச் சொல்லிவந்தார்கள். யாராவது ஒருவர் விலகினால் குழு அத்தோடு கலையும். கேட்டவர்கள் அதை அழகான பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். லோசானில் மூவரும் தொலைபேசியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தபோது, அது பேச்சல்ல என்று தெரிந்தது.

பெர்ரி பிழைப்பாரா? பிழைத்தாலும் கைகள் திரும்ப வருமா?

★

பிழைத்தார். கைகளும் வந்தன.

1995 மே 15. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் ஷோர்லைன் திறந்தவெளி அரங்கம். மண்டையைத் திறந்து மூடி மூன்று மாதம்கூட ஆகாத மனிதர் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சுற்றுப்பயணம் மறுபடி கிளம்பியது.

சோதனை அதோடு விடவில்லை. ஜூலையில் ஜெர்மனியில் மில்ஸுக்குத் தாங்க முடியாத வயிற்று வலி. அவசர அறுவைச் சிகிச்சை. அவர் தேறி வந்த அடுத்த மாதமே ஸ்டைப்புக்குக் குடலிறக்கம். அவரும் அறுவைச் சிகிச்சை மேசைக்குப் போனார். ஒரே சுற்றுப்பயணத்தில் நால்வரில் மூவர் கத்தியைப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் காத்திருந்தார்கள். மாற்று ஆள் என்ற பேச்சு எழவில்லை.

இதற்கு நடுவில்தான் இன்னொரு பெரிய வேலையும் நடந்தது. எட்டுத் தடப் பதிவுக் கருவிகளைக் கூடவே எடுத்துப்போய், கச்சேரிக்கு முந்தைய ஒலிச்சோதனையிலும் மேடையிலும் புதிய பாட்டுகளைப் பதிவுசெய்துகொண்டே போனார்கள். நவம்பரில் அட்லாண்டாவில் சுற்றுப்பயணம் முடிந்தபோது கையில் அடுத்த ஆல்பத்தின் பெரும்பகுதி இருந்தது. 1996 செப்டம்பரில் ‘நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை’ வந்தது. மருத்துவமனைக்கும் மேடைக்கும் நடுவே உருவான அந்த ஆல்பத்தில் நால்வரும் ஒருவரையொருவர் கூர்ந்து கேட்பது நன்றாகவே தெரிகிறது. என்னைக் கேட்டால் இந்தக் குழுவின் உச்சம் அதுதான்.

விற்பனை வேறு மாதிரி போயிற்று. முன்பு வந்த ‘அவுட் ஆஃப் டைம்’, ‘ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்’ ஆல்பங்கள் விற்றதற்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. தொடக்கத்திலிருந்து கூட இருந்த மேலாளர் ஜெஃபர்சன் ஹோல்ட் அந்த ஆண்டு பிரிந்துபோனார். அவருடைய பொறுப்புகள் வழக்கறிஞர் பெர்ட்டிஸ் டவுன்ஸிடம் வந்தன. ஆனால் புதிய ஆல்பம் கடைக்கு வரும் முன்பே, 1996 ஆகஸ்டில், வார்னர் நிறுவனம் இவர்களோடு புதிய ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஐந்து ஆல்பங்கள். தொகை எட்டுக் கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அதுவரை எந்தக் குழுவும் காணாத தொகை அது. 1,000 பிரதிகளில் தொடங்கிய பயணம் அங்கே போய் நின்றது.

கையெழுத்திட்ட நால்வரில் ஒருவருக்கு மட்டும் உள்ளே ஏதோ மாறியிருந்தது.

★

பெர்ரி ஜார்ஜியாவில் பண்ணை வைத்திருந்தார். பயணம் முடிந்து அங்கே திரும்பிப் போகும்போது கிடைத்த நிம்மதி, விமானம் ஏறும்போது கிடைக்கவில்லை. உடம்பு நன்றாகவே இருந்தது. வாசிப்பும் குறையவில்லை. ஆசைதான் வற்றிக்கொண்டிருந்தது. ஒன்பது வயதில் பிடித்த குச்சிகள் அவை. சாவின் வாசல்வரை போய்வந்த ஒருவர் மீதி நாட்களை எப்படிச் செலவழிப்பது என்று தன்னையே கேட்டுக்கொள்வதில் வியப்பு ஒன்றுமில்லை.

1997 ஏப்ரல். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் பீட்டர் பக்கின் விடுமுறை வீட்டில் நால்வரும் கூடினார்கள். அடுத்த ஆல்பத்துக்கான முதற்கட்டப் பதிவு. பழைய பாணியை விட்டுவிட்டு, இயந்திரத் தாளங்களை வைத்து முயன்று பார்க்கலாம் என்ற திட்டம். பெர்ரி எதையும் சொல்லவில்லை. வாசித்தார், ஊர் திரும்பினார்.

பிறகு மாதக்கணக்கில் யோசித்தார். கடைசியில் இரண்டு பேரிடம் மட்டும் மனம் திறந்தார். ஒருவர் பெர்ட்டிஸ் டவுன்ஸ். இன்னொருவர், ஒருகாலத்தில் முகத்தைப் பார்த்ததும் ஓடிவிட நினைத்தாரே, அந்த மைக் மில்ஸ்.

அக்டோபர் வந்தது. ஆல்பத்தின் பதிவு தொடங்க வேண்டிய நேரம். நால்வரும் ஏதென்ஸில் இருந்தார்கள். அங்கே வைத்து பெர்ரி சொன்னார்: போதும், நான் விலகுகிறேன்.

சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் வைத்தார். தான் போவதால் குழு கலையும் என்றால், தான் போகப்போவதில்லை.

இந்த நிபந்தனைதான் மூவரையும் திணறவைத்தது. ஒருவர் விலகினால் குழு கலையும் என்பது அவர்களே ஊரறியச் சொன்ன வாக்கு. அதைக் காப்பாற்றினால், மனமில்லாத நண்பரை டிரம்ஸுக்குப் பின்னால் கட்டிப்போட்டதாக ஆகும். அவரைப் போக விட்டால், தங்கள் வாக்கைத் தாங்களே முறித்ததாக ஆகும். எட்டுக் கோடி டாலர் ஒப்பந்தத்தில் மை காய்ந்து ஓராண்டுதான் ஆகிறது. அதன்கீழ் ஐந்து ஆல்பங்கள் பாக்கி. எதையும் நால்வரும் சேர்ந்தே முடிவெடுத்தவர்கள், முதன்முறையாக மூவராக உட்கார வேண்டும்.

மில்ஸுக்கு விஷயம் முன்பே தெரியும். பக்குக்கும் ஸ்டைப்புக்கும் தெரியாது. அந்த அறையில் பெர்ரி பதிலுக்காகக் காத்திருந்தார். மூவரும் என்ன சொன்னார்கள்? சொன்ன பிறகு அந்த நட்பு என்ன ஆனது?

அடுத்த வாரம்.

(தொடரும்)