பெட்டிக்குள் வராத கடல்

28 மில்லிமீற்றர் உயரச் சாமுராய் ஒருவருக்குப் பெயின்ற் அடிக்கிறது சின்ன வேலை இல்லை. முதலில் அடிப்பூச்சு. மறுகா கவசத்துக்கு நிறம். அதுக்கு மேல தண்ணியாகக் கரைத்த கறுப்பை விட்டால், இடுக்குகளுக்குள் இறங்கி நிழலாகும். காய்ந்த தூரிகையால் மேடுகளைத் தடவினால் வெளிச்சம் விழும். சுற்றிவர மூங்கில் காடு, கோயில் வாசல். இப்படி ஒரு படையையே செய்து மேசையில் வைத்துப் போர் விளையாடுகிறார்கள்.

இந்த விளையாட்டு இராணுவத்துக்குள்ள இருந்து வந்தது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விற்ஸ், அதிகாரிகளைப் பயிற்றுவிக்க வரைபடத்தில் ஆடும் போருக்கு விதிகளை வெளியிட்டார். 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை ஸ்பிரிங் பீரங்கியால் சுடும் விளையாட்டுக்கு ஒரு புத்தகமே எழுதினார். சின்னப் போரை ஆடிப் பார்த்தால் பெரிய போர் எவ்வளவு மடத்தனம் என்று விளங்கும் என்பது அவருடைய வாதம். அடுத்த வருசமே முதலாம் உலகப் போர் தொடங்கிட்டுது.

இதே பொழுதுபோக்கின் இன்னொரு கிளை கப்பல்கள். அது எங்கட மட்டக்களப்புக் கடல் வரைக்கும் வருது. 1971இல் யப்பானின் ஷிசுவோகா நகரத்து மாதிரிப் பொம்மைக் கொம்பனிகள் நாலு சேர்ந்து, 1/700 அளவில் போர்க்கப்பல் வரிசை ஒன்றைத் தொடங்கின. அந்த வரிசையில் அவோஷிமா கொம்பனி விற்கும் ஒரு பெட்டியின் பெயர் 'ஹேர்மிஸ்'.

விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல்களில் ஒன்று ஹேர்மிஸ். பிரித்தானியா அதைச் சேவையில் சேர்க்கும்போது 1924. அதுக்குள்ள 1922இலேயே யப்பான் தன்ர 'ஹோஷோ'வை முடித்துவிட்டது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பைத் தாக்கிய யப்பானிய விமானங்கள், 9ஆம் திகதி திருகோணமலைக்கு வந்தன. முதல்நாள் இரவே அங்கிருந்து வெளிக்கிட்ட ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டது. விமானந்தாங்கிதான், ஆனால் அன்றைக்கு அதில் ஒரு விமானமும் இல்லை. எல்லாம் கரையில் நின்றன. அரை மணித்தியாலத்துக்குள் கப்பல் தாண்டுபோனது. 307 பேர் இறந்தார்கள். அதோடு வந்த அவுஸ்திரேலியக் கப்பல் 'வம்பயர்' உம் மூழ்கியது. 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது.

மூழ்கடித்த நாட்டிலேயே அந்தக் கப்பல் பிளாஸ்ரிக்கில் திரும்பி வந்திருக்கு. அதில் எனக்குக் கோபம் இல்லை. யோசிக்க வைக்கிறது வேற ஒன்று. இந்த வரிசைக் கப்பல்கள் நீர்மட்டத்தோடு வெட்டப்பட்டவை. மேசையில் நேராக நிற்க வேணும் என்பதற்காகத் தண்ணிக்குக் கீழ உள்ள பாகம் இல்லை. ஆனால் எங்களுக்கு ஹேர்மிஸ் என்றால் தண்ணிக்குக் கீழ உள்ளது மட்டும்தான். கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றரில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்குது. சுழியோடிகள்தான் போய்ப் பார்க்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கோ. 1/700இல் கப்பல் 26 சென்றிமீற்றர். ஒரு மனுசன் இரண்டரை மில்லிமீற்றருக்கும் குறைவு. சாமுராய்க்கு முகம், மீசை, கண் எல்லாம் வரையலாம். இந்த மாலுமிக்கு ஒரு புள்ளிதான். கப்பலின் சாம்பல் நிறம் எது சரி என்று மணிக்கணக்காக வாதாடலாம். 307 பேருக்கு நிறம் கேட்க யாருக்கும் தோன்றாது.

மட்டக்களப்பில் யாராவது இதைச் செய்தால் கரையையும் சேர்த்துச் செய்ய வேணும். பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் கட்டியது, வெல்ஸ் புத்தகம் எழுதிய அதே வருசம். இந்த அளவில் அது 4 சென்றிமீற்றர் உயரம். கப்பலை ஒரு மேசையில் வைத்தால், கரை ஏறத்தாழ 13 மீற்றர் தள்ளி, வகுப்பறைக்கு வெளியில போய்விடும். அந்த இடைவெளி முழுக்கக் கடல். அதைப் பார்த்துக்கொண்டு இந்தக் கரையிலும் ஆக்கள் நின்றிருப்பார்கள். எங்கட சனத்துக்குப் பிறகும் போர் வந்தது. குண்டு விழுந்தால் கரையில் நிற்கிறது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். அதனால பெட்டியில் இல்லாத அந்த 13 மீற்றரைத்தான் நாங்கள் முதலில் செய்ய வேணும்.