சாவி யாரிடம்? கவுண்டர்-ஸ்ட்ரைக்கும் வாலரன்டும்

2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஆஸ்டினிலும் கனடாவின் டொரோன்டோவிலும் ஒரே நாளில் இரண்டு இறுதியாட்டங்கள். நம் ஊர்க் கணக்கில் அவை திங்கட்கிழமைக்குள் நீண்டுவிட்டன. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்பதை மறந்து நானும், கல்லூரி இருப்பதை மறந்து என் அக்கா மகனும் ஒரே அறையில் ஆளுக்கொரு திரையோடு உட்கார்ந்திருந்தோம்.

ஆஸ்டினில் நடந்தது கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் மேஜர் போட்டி. மங்கோலியாவின் 'தி மங்கோல்ஸ்' அணி பிரான்சின் வைட்டாலிட்டியிடம் 2-1 என்று தோற்றது. டொரோன்டோவில் வாலரன்டின் மாஸ்டர்ஸ் போட்டி. சிங்கப்பூரின் பேப்பர் ரெக்ஸ், ஃப்நாட்டிக் அணியை 3-1 என்று வென்றது. அந்த ஐவரில் ஒருவர் மலேசியர், ஒருவர் சிங்கப்பூரர், ஒருவர் இந்தோனேசியர், ஒருவர் பிலிப்பினோ, ஒருவர் ரஷ்யர். அக்கா மகன் கத்திய கத்தலில் அக்காவே எழுந்து வந்துவிட்டார். அப்புறம் அவன் என் திரையைப் பார்த்துக் கேட்டான்.

"மாமா, நீங்க இத்தன வருஷமா பாக்குற கேம்ல நம்ம பக்கத்து ஆளுங்க ஜெயிச்சதே இல்லையா?"

மேஜரை எந்த ஆசிய அணியும் வென்றதில்லை. மங்கோல்ஸ் இறுதியாட்டம் வரை வந்ததே முதல் முறை. அவனிடம் அதைச் சொன்னேன். ஆனால் அது முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே விளையாட்டுதான். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர். ஒரு தரப்பு குண்டு வைக்க வேண்டும், மறுதரப்பு தடுக்க வேண்டும். செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை வேடிக்கைதான். முதல் சுற்றில் கையில் 800 காசு. ஜெயித்தால் கூடும், தோற்றால் குறையும். அந்தக் காசில்தான் துப்பாக்கி வாங்க வேண்டும். ஓடிக்கொண்டே சுட்டால் குறி தவறும். நின்று, மூச்சை அடக்கி, தலைக்குக் குறிவைக்க வேண்டும். வாலரன்ட் இந்த எலும்புக்கூட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. அதை மறைக்கவும் இல்லை. அதன் களங்களை வடிவமைத்தவர்களில் ஒருவரான சால்வடோர் கரோஸோ முன்னாள் கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆட்டக்காரர். 'கேஷ்' என்ற புகழ்பெற்ற கவுண்டர்-ஸ்ட்ரைக் களத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

1998-இல் வால்வ் நிறுவனம் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை வெளியிட்டது. அதன் எந்திரம் 'குவேக்' விளையாட்டின் எந்திரத்திலிருந்து வளர்ந்தது. அந்தக் காலத்துக் கணினி விளையாட்டுகளில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: விளையாட்டை விற்கும்போதே அதைப் பிரித்து மேய்வதற்கான கருவிகளையும் கொடுத்துவிடுவார்கள். கனடாவின் வான்கூவரில் படித்துக்கொண்டிருந்த, வியட்நாமிய வம்சாவளி மாணவரான மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற நண்பரோடு இணையம் வழியாகச் சேர்ந்து ஹாஃப்-லைஃபை மாற்றிக் கட்டினார். 1999 ஜூனில் முதல் சோதனைப் பதிப்பு இலவசமாக இணையத்தில் வந்தது. அதுதான் கவுண்டர்-ஸ்ட்ரைக். வால்வ் பிறகுதான் உரிமையை வாங்கி, 2000 நவம்பரில் பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்பியது.

களங்களும் அப்படித்தான் வந்தன. உலகத்தில் அதிகம் ஆடப்பட்ட களங்களில் ஒன்றான 'டஸ்ட்'டை உருவாக்கிய டேவ் ஜான்ஸ்டன் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பதின்ம வயதுப் பையன். அதுவரை வெளிவராத 'டீம் ஃபோர்ட்ரெஸ் 2' விளையாட்டின் விளம்பரப் படங்களைப் பார்த்து, அந்த மணல் நிறச் சுவர்களைத் தன் கையால் மறுபடி கட்டினார். 2001-இல் டஸ்ட் 2 வந்தது. அடிப்படை அமைப்பு மாறாமல் இன்றும் அது ஆடப்படுகிறது. எனக்கு அது தெருக்கூத்தை நினைவூட்டும். கதை எல்லாருக்கும் தெரியும். துரியோதனன் எங்கே விழுவான் என்பதும் தெரியும். இன்று ராத்திரி யார் எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் கூட்டம்.

அந்தக் கூத்து என் தாமானுக்கு வந்தது மருந்துக்கடை மாடியிலிருந்த சைபர் கேஃபே வழியாக. நாங்கள் 'சிசி' என்போம். மணிக்கு இரண்டு ரிங்கிட். சீருடையோடு வந்தால் தவுக்கே உள்ளே விடமாட்டார்; அதனால் பையில் எப்போதும் ஒரு டீ-சட்டை இருக்கும். இருபது கணினிகளையும் ஒரு கம்பி இணைத்திருந்தது. இணையம் தேவையில்லை, கணக்கு தேவையில்லை. வட்டில் இருந்த நகல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதும் இல்லை. ஒரு மலாய்ப் பையன், இரண்டு சீனப் பையன்கள், நாங்கள் இரண்டு பேர் என்று அணி அமையும். திட்டுவதற்கு மட்டும் மூன்று மொழியும் பொதுச்சொத்து.

புகைக்குண்டு எறிவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அங்கே வேலை பார்த்த ஓர் அண்ணன். "இந்த மூலைல ஒட்டி நில்லு. அந்தச் சுவரு முனையப் பாத்து எறி. கண்ண மூடிட்டு எறிஞ்சாலும் அங்கதான் விழும்." கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் அறிவு முக்காலும் இப்படிப்பட்ட வாய்மொழி அறிவுதான். விளையாட்டு உங்களுக்குச் சொல்லித் தராது. யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டும்.

வாலரன்டில் பிரிம்ஸ்டோன் என்ற பாத்திரம் வரைபடத்தைத் திறந்து, புகை விழ வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். புகை வானத்திலிருந்து இறங்கும். திறமை ஆளின் கையிலிருந்து பாத்திரத்தின் கைக்கு மாறிவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் குறைப்படுவது இதனால்தான். அது பாதி நியாயம். சோவாவின் வேவு அம்பை எந்த மூலையில் நின்று எய்ய வேண்டும் என்று அக்கா மகனும் மணிக்கணக்கில் பயிற்சி செய்கிறான். அவனுக்கு அந்த அண்ணன் யூடியூபில் இருக்கிறார், அவ்வளவுதான்.

உண்மையான வித்தியாசம் இரண்டும் பிறந்த விதத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரல் 7-ஆம் நாள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாலரன்டின் மூடிய சோதனை தொடங்கியது. அதே நாளில்தான் சிங்கப்பூரில் கோவிட் முடக்கம் தொடங்கியது. ஜூன் 2-இல் விளையாட்டு உலகெங்கும் இலவசமாக வெளியானது. சிங்கப்பூர் தன் முதல் தளர்வுக்குள் நுழைந்ததும் அதே நாள். மலேசியாவில் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. சிசிகளின் கதவு மூடியிருந்தது. ஒரு தலைமுறை அறைக்குள் அடைபட்டிருந்தபோது, ரையட் நிறுவனம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு களத்தைக் கொண்டுவந்து கொடுத்தது.

கொடுத்தது முழுமையாகச் செய்து முடித்த பொருள். நொடிக்கு 128 முறை ஆட்டத்தைக் கணக்கிடும் வழங்கிகள் எல்லாருக்கும் இலவசம். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் அப்போது சாதாரண ஆட்டத்துக்கு 64 முறைதான்; அதற்கு மேல் வேண்டுமென்றால் வெளியார் தளங்களுக்குப் போக வேண்டும். சுவருக்குப் பின்னால் ஆள் தெரியும்படி ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க 'வேன்கார்ட்' என்ற காவல் மென்பொருள் வந்தது. இது விளையாட்டைத் திறக்கும்போது அல்ல, கணினியைத் திறக்கும்போதே விழித்துக்கொள்கிறது. இயங்குதளத்தின் ஆழம்வரை அதற்கு அனுமதி உண்டு. ஏமாற்றுகிறவர்களால் வெறுத்துப்போன எங்களில் பலர் இதை வரவேற்றோம். வீட்டுக்குக் காவல் போட்டவர் சாவியையும் எடுத்துக்கொண்டு போனதைப் பிறகுதான் கவனித்தோம். வாலரன்டில் நீங்கள் ஒரு களத்தைக் கட்டி வெளியிட முடியாது. உங்கள் சொந்த வழங்கியை நடத்த முடியாது. சிசியில் கம்பி இழுத்து இணையமின்றி ஆடவும் முடியாது.

இதில் ஒரு முரண் உண்டு. ரையட்டை வளர்த்த 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' எதிலிருந்து வந்தது? 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டை ரசிகர்கள் மாற்றிக் கட்டிய 'டோட்டா'விலிருந்து. அதன் ஒரு பதிப்பை வளர்த்த ஸ்டீவ் ஃபீக்கையே ரையட் வேலைக்கு எடுத்தது. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தவர்கள், தங்கள் வீட்டைக் கட்டும்போது கதவை மூடியே கட்டினார்கள்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். பழையது பொதுவுடைமை, புதியது தனியுடைமை என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அக்கா மகனின் கேள்வி விடவில்லை.

இந்தோனேசியாவின் இரண்டு சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். அண்ணன் கெவின் சுசான்டோ, களப்பெயர் எக்ஸ்கியூரட். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் மேலே போக வேண்டுமென்று சீனாவின் டைலூ அணிக்குப் போனார். 2018 லண்டன் மேஜரில் ஆடினார். தம்பி ஜேசன் சுசான்டோ, களப்பெயர் ஃபொர்சேக்கன். அவர் சேர்ந்தது 2020-இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் அணியாகத் தொடங்கி வாலரன்டுக்கு மாறிய பேப்பர் ரெக்ஸில். 2022-இல் கோபன்ஹேகன் மாஸ்டர்ஸ் இறுதியில் தோல்வி. 2023 சாம்பியன்ஸ் இறுதியிலும் தோல்வி. 2025-இல் டொரோன்டோவில் கோப்பை. அதுவும் நின்று நிதானித்து ஆடாமல், முன்னோக்கி நகரும் 'டபிள்யூ' விசையை விடாமல் அழுத்திக்கொண்டே பாய்கிற ஆட்டத்தால். நம்மூர் சிசியில் சின்னப் பசங்கள் ஆடுகிற மாதிரி என்று தோன்றும். ஆனால் ஐந்து பேரும் ஒரே நொடியில் பாய்வார்கள்.

ஒரே வீடு, இரண்டு விளையாட்டு, இரண்டு விதி. அண்ணனின் களம் யாரும் நுழையக்கூடிய திறந்த மைதானம். ஆனால் போட்டிகளும் பணமும் பயிற்சிக்கு ஏற்ற எதிரணிகளும் ஐரோப்பாவில் குவிந்திருந்தன. திறந்த மைதானத்தில் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் முதல் இடம். நம்மைத் தடுக்க யாரும் வேலி போடவில்லை; தூரமே வேலியாக இருந்தது. தம்பியின் களத்தில் நிறுவனம் 2023-இல் பசிபிக் லீக் என்று ஒன்றை அமைத்தது. கொரியா, ஜப்பான் அணிகளோடு சிங்கப்பூர், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, இந்தியா என நம் பக்கத்துக்கும் நாற்காலி போட்டது. யார் உட்காரலாம் என்பதை நிறுவனமே முடிவு செய்தது. ஆனாலும் நாற்காலி இருந்தது. வாரா வாரம் வலுவான அணிகளோடு மோதியவர்கள் வலுவானார்கள்.

சுதந்திரம் கொடுத்த விளையாட்டு நமக்கு வாய்ப்பைக் கொடுக்கவில்லை. வாய்ப்பைக் கொடுத்த விளையாட்டு சுதந்திரத்தைக் கொடுக்கவில்லை. ஒன்றைப் புனிதமாக்கி இன்னொன்றைச் சபிக்க என்னால் முடியவில்லை. வால்வும் துறவி அல்ல. 2013-இல் துப்பாக்கிக்குப் பூசும் வண்ணங்களைச் சந்தைப் பொருளாக்கி, அதைச் சுற்றி ஒரு சூதாட்ட உலகமே வளர இடம் கொடுத்தது. 2023 செப்டம்பரில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தபோது, பத்து வருடத்துக்கும் மேலாக ஆடப்பட்ட 'குளோபல் அஃபென்சிவ்' இருந்த இடத்திலேயே அதை வைத்தது. சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள அதுவும் கற்றுக்கொண்டது.

எனக்குக் கவலை தருவது ஞாபகம்தான். வாலரன்டின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பை இன்று யாராலும் ஆட முடியாது. ஒரு நாள் வழங்கியை அணைத்தால் அக்கா மகனின் ஐந்து வருடமும் காணொளித் துண்டுகளாக மட்டும் மிஞ்சும். எங்கள் சிசி மூடிப் பல வருடம் ஆகிறது. இப்போது அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள். ஆனால் அங்கே ஆடியது மிஞ்சியிருக்கிறது.

போன பள்ளி விடுமுறையில் பழைய வட்டிலிருந்து 1.6 பதிப்பை இரண்டு மடிக்கணினிகளில் ஏற்றி, நடுவே ஒரு கம்பியைச் செருகினேன். டஸ்ட் 2 திறந்தது. அதே மணல் நிறச் சுவர். அக்கா மகன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, லாக்-இன் எங்க பண்ணணும்?"

"எதுவும் வேணாம்டா. பேர மட்டும் அடி, உள்ள வா."

அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். பிறகு பெயரை அடித்துவிட்டு உள்ளே வந்தான். நான் அவனை ஒரு மூலைக்கு அழைத்துப் போய், ஒட்டி நிற்கச் சொன்னேன்.