பழைய செல்பேசியின் விலையும் மதிப்பும்

விலையும் மதிப்பும் ஒன்றே எனக் கொள்வது சந்தையின் இயல்பு. வரலாறு அவ்வாறு கொள்வதில்லை. பழைய செல்பேசிகளைத் தேடிச் சேகரிப்போரின் உலகை நோக்கும்போது இவ்வேறுபாடு நமக்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

2007-இல் 499 டாலருக்கு விற்கப்பட்ட முதல் ஐபோனின் 4 ஜிபி வகை ஒன்று, உறை பிரிக்கப்படாத நிலையில், 2023 ஜூலையில் அமெரிக்க ஏலமொன்றில் 1,90,000 டாலருக்கும் மேல் விலைபோயிற்று. அவ்வகை சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்டதால் அரிதாயிற்று. எவர் கையும் படாததால் அதன் விலை மேலும் உயர்ந்தது. சேகரிப்போரின் அளவுகோல்கள் பெரும்பாலும் இவையே: அரிதாக இருத்தல், மேலோடு மாற்றப்படாமை, பெட்டியிலும் கருவியிலும் ஒரே 15 இலக்க ஐஎம்இஐ எண் இருத்தல்.

இவ்வளவுகோல்களின்படி நோக்கியா 1100-க்குப் பெரிய விலை கிடைக்காது. 2003-இல் வெளிவந்து 25 கோடிக்கும் மேல் விற்ற அது எங்கும் கிடைக்கக்கூடியது. ஆயினும் டார்ச் விளக்கும் தூசி புகாத விசைப்பலகையும் கொண்ட அந்தக் கருவியை விடுத்து நம் நாட்டின் செல்பேசி வரலாற்றை எழுத இயலுமா?

ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைத் தொழிற்பகுதியில் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. தொலைத்தொடர்பு உரிமங்கள் வட்டம் வட்டமாக வழங்கப்பட்டமையால், ஓசூர் தமிழ்நாட்டு வட்டத்திலும் அத்திப்பள்ளி கர்நாடக வட்டத்திலும் அமைந்தன. 2003 மே மாதம் முதல் உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. எனினும் வட்டம் கடந்தால் ரோமிங் கட்டணம் தொடர்ந்தது. ஜூஜூவாடியைக் கடந்து வேலைக்குச் செல்வோருக்கு வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதும் செலவாயிற்று. இத்தகையோருக்கு இரண்டு சிம் கொள்ளும் செல்பேசி ஆடம்பரமன்று, தேவை. நோக்கியா தன் முதல் இரட்டை சிம் கருவியை 2010-இல்தான் அறிவித்தது. அதற்கு முன்பே மலிவான சீனக் கருவிகள் அவ்விடத்தை நிரப்பியிருந்தன. அவற்றுள் பலவற்றுக்கு முறையான ஐஎம்இஐ எண் கிடையாது. 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு அவ்வெண் இல்லாத செல்பேசிகளின் இணைப்பைத் துண்டிக்க அரசு ஆணையிட்டது. சேகரிப்போரின் பட்டியலிலும் அவற்றுக்கு இடமில்லை. எல்லையோர வாழ்க்கைக்கு நெருங்கிய சான்று அவையே என்பதுதான் இதிலுள்ள முரண்.

பழைய செல்பேசியின் பேட்டரியைக் கழற்றினால் அடியில் ஒரு சீட்டு தென்படும். மாதிரிப் பெயர், எண், செய்யப்பட்ட நாடு ஆகியன அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வீரனின் பெயரையும் ஊரையும் மாண்ட காரணத்தையும் சுருங்கச் சொல்லும் நடுகல் எழுத்து இம்மாவட்டத்தாருக்குப் பழக்கமானது. இச்சீட்டையும் அவ்வாறே வாசிக்கலாம். இந்தியாவில் செய்யப்பட்டது என்று கூறும் நோக்கியா கருவி, திருப்பெரும்புதூரில் 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1-இல் நிறுத்திய ஆலையை நினைவூட்டும். அதே பெங்களூர் நெடுஞ்சாலையின் மறுகோடியில், ஓசூர் அருகே, டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் இன்று ஐபோனின் மேலோடுகள் உருவாகின்றன. ஆலைகள் வரும், போகும். அங்கு உழைத்த கைகளுக்கு எஞ்சும் பொதுச்சான்று அக்கருவிகளே.

இலக்கிய வாசகர் கருதத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ரோமன் எழுத்து 160 அடங்கும். தமிழ் எழுத்தாயின் 70 மட்டுமே. ஆகவே ரோமன் எழுத்தில் தமிழை எழுதுவது சிக்கனமாகவும் இருந்தது. காதலும் கடனும் ஷிப்ட் மாற்றமும் இறப்புச் செய்தியும் அவ்வடிவில் எழுதப்பட்டன. அவற்றில் எஞ்சியவை மேசை இழுப்பறைகளில் அணைந்து கிடக்கும் கருவிகளுக்குள் இருக்கின்றன. உறை பிரிக்காத செல்பேசியில் அத்தகைய சொல் ஒன்றுகூட இராது.

எனவே பழைய கருவியை எடைக்குப் போடுமுன் சிலவற்றைச் செய்யலாம். உப்பிய பேட்டரியை அகற்றி, அதை மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். அடிச்சீட்டைப் படமெடுத்து, எஞ்சிய செய்திகளை உரியவர் இசைவோடு படியெடுக்கலாம். யார், எந்த ஊரில், எந்த ஆண்டுகளில் பயன்படுத்தினார் என்று ஒரு தாளில் எழுதிக் கருவியோடு சேர்த்து வைக்கலாம். அந்தத் தாளால் சந்தையில் விலை கூடாது. வரலாற்றில் அக்கருவிக்குரிய மதிப்பு அதிலிருந்தே தொடங்கும்.